புதுத் தொட்டியில் லைட் போட்டாலே மீன்கள் மூலையில் ஒளிந்துகொள்கின்றன, நிறமும் வெளுத்துவிட்டது. ஏன்?

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், கடைக்காரர் மூடியோடு சேர்த்துப் பளீரென்று ஒரு வெள்ளை எல்இடி கொடுத்திருப்பார். அடியில் வெள்ளைக் கல். செடி ஒன்றும் இருக்காது. மீன் அநேகமாக நியான் டெட்ரா, உடம்பில் நீலக் கோடு ஓடும் அந்தக் குட்டி மீன். சரியா? அப்படியென்றால் மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். அதற்குக் கண் கூசுகிறது, அவ்வளவுதான்.

மீனுக்கு இமை கிடையாது. வெளிச்சம் கூடினால் நம் கண்மணி சுருங்கும். பெரும்பாலான மீன்களுக்கு அதுவும் நடக்காது. விழித்திரைக்குள் இருக்கும் செல்களும் நிறமியும் இடம் மாறித்தான் பழக வேண்டும். அதற்கு அரை மணி நேரம் போலப் பிடிக்கும். இருட்டில் கிடந்த தொட்டிக்குத் திடீரென்று சுவிட்ச் போட்டால் கண்ணாடியில் போய் முட்டுவது இதனால்தான். அதிலும் நியான் டெட்ராவின் சொந்த ஊர் அமேசான் காட்டு ஓடைகள். மர நிழலும், இலை ஊறிப் பழுப்பேறிய தண்ணீரும் அதற்குப் பழக்கம். வெள்ளைக் கல்லுக்கு மேலே நிறத்தைக் குறைத்துக்கொள்வது கண்ணில் படாமல் இருக்க அது செய்யும் வேலை. ராத்திரி லைட் அணைந்த பிறகும் அந்த நீலக் கோடு மங்கிவிடும், காலையில் திரும்பிவிடும். "கடையில் ஜொலித்ததே" என்பீர்கள். கடையில் ரோஸ் கலர் லைட்டும் பின்னால் கறுப்பு ஷீட்டும் இருந்ததைக் கவனித்தீர்களா?

நான் மீன்வளம் படித்தவன் இல்லை. "யூடியூப் பார்த்துவிட்டு அளக்கிறான்" என்று எழுத யாராவது வருவார்கள், வரட்டும். காட்பாடியில் எங்கள் வீட்டு ஹாலில் நடந்ததைத்தான் சொல்கிறேன்.

பெண்ணுக்காகச் சென்னைக் கொளத்தூரிலிருந்து டெட்ரா வாங்கி ரயிலில் கொண்டுவந்தோம். பை முழுக்கப் பேப்பர் சுற்றி இருட்டிலேயே வந்த மீன்கள். தொட்டியில் விட்டு லைட் போட்டதும் மொத்தக் கூட்டமும் ஃபில்டருக்குப் பின்னால் இருந்த இரண்டு விரல் சந்தில் போய்ச் செருகிக்கொண்டது. மாமியார் திருஷ்டி என்றார். மச்சான் "தண்ணி சரியில்ல, மொத்தமா கொட்டிட்டு மாத்துங்க" என்றான். நான் மாற்றவில்லை. லைட்டை அணைத்துவிட்டு, ஹால் டியூப்லைட் வெளிச்சத்தில் தள்ளி உட்கார்ந்து பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் ஒன்று வெளியே வந்தது, அதன் பின்னாலேயே மற்றவை. இரையும் எடுத்தன. தண்ணீர் கெட்டிருந்தால் லைட் அணைந்ததும் எப்படிச் சரியாகும்?

மறுநாள் எல்இடி பட்டையில் பாதிக்குப் பழுப்பு பேக்கிங் டேப் ஒட்டினேன். தெருமுனைப் பாதாம் மரத்தில் உதிர்ந்து காய்ந்த இலையைக் கழுவித் தொட்டியில் போட்டேன். தண்ணீர் டீ டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்தது; பார்க்க அழுக்காகத்தான் இருக்கும், மீனுக்கு அதுதான் நிம்மதி. மேலே கொஞ்சம் ஆகாயத்தாமரை. (ஏரியிலிருந்து அள்ளி வராதீர்கள், நத்தையும் அட்டையும் கூடவே வரும்.) காலையில் முதலில் அறை லைட், அரை மணி கழித்துத்தான் தொட்டி லைட். புதுத் தொட்டிக்கு ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம் போதும், அதற்கு மேல் போனால் பாசிதான் வளரும். நம் ஊரில் கரண்ட் போய்ப் போய் வந்தால் லைட்டும் அணைந்து அணைந்து எரியும், அந்த நேரத்தில் சுவிட்சையே அணைத்துவிடுங்கள். லைட்டுக்குப் பதில் ஜன்னல் வெயில் என்று மட்டும் யோசிக்க வேண்டாம். வேலூர் வெயிலில், சித்திரையில் டெட்ரா வெந்துவிடும்.

லைட் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. எங்கள் ஹவுஸ் ஓனர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "இன்னாப்பா, ராவும் பகலும் லைட்டு எரிஞ்சிகினே கீது, மீட்டர் சுத்தாதா?" என்றார். 10 வாட் லைட், எட்டு மணி நேரம். மாதம் முழுக்க எரித்தாலும் இரண்டரை யூனிட்கூட வராது. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு இவ்வளவு யூனிட் என்று அரசு இலவசமாகத் தருகிறது. அது குடியிருக்கும் எங்கள் கண்ணில் படுவதே இல்லை. சப் மீட்டர் வைத்து முதல் யூனிட்டிலிருந்தே ஒரே ரேட் போட்டு வாங்கிக்கொள்கிறார். ரசீது கேட்டால் "இஷ்டம் இருந்தா இரு". மீனுக்கு எரிகிற லைட்தான் அவர் கண்ணை உறுத்துகிறது!

சரி, உங்கள் தொட்டிக்கு வருவோம். லைட்டைக் குறைத்த பிறகும் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கினால் அது வேறு விவகாரம். புதுத் தொட்டியில் அமோனியா, அதாவது மீன் கழிவிலிருந்து வரும் நச்சு, ஏறியிருக்கும். அப்போது இரையைக் குறையுங்கள், கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். என் மச்சான் சொன்ன மாதிரி மொத்தமாகக் கொட்டிவிடாதீர்கள்.