அசை வேறு, சிலபிள் வேறு

கேள்வி: ஒன்பதாவது படிக்கும் என் மகள், தமிழில் அசை பிரிப்பது போலவே ஆங்கிலத்தில் சிலபிள் பிரிக்கிறாள். பாதிக்குப் பாதி தப்பாகிறது. கட்டுரை எழுதும்போது வரிக் கடைசியில் வார்த்தையை எங்கே உடைப்பது?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: உங்கள் வயலுக்குத் தண்ணீர் தரும் ஆற்றின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 'காவிரி'யை அலகிட்டால் கா/விரி. நேர், நிரை என இரண்டே அசை. சிலபிள் கணக்கில் கா-வி-ரி, மூன்று. நிரையசையில் இரண்டு குறில் சேர்ந்து ஓர் அசையாகும். சிலபிளில் அப்படிச் சேராது. உயிரொலி எத்தனையோ, சிலபிளும் அத்தனை.

உயிரொலி என்றால் காதில் விழுவது, எழுத்து அல்ல. 'மேக்' என்பதன் கடைசி 'இ' ஒலிப்பதில்லை, அதனால் ஒன்றுதான். 'வாக்' உடன் இறந்தகால 'இடி' (ed) சேர்ந்தாலும் ஒன்றே. 'வான்ட்' உடன் சேர்ந்தால் 'வான்டட்' என்று இரண்டாகும், டகர ஒலிக்குப் பின் வருவதால். இன்னொன்று, நம் நாக்கு மெய்யில் நிற்காமல் உகரம் சேர்க்கும். 'ஸ்கூல்' ஒரே சிலபிள். 'இஸ்கூலு' என்றால் மூன்றாகிவிடும். எண்ணும்போது இந்த ஒட்டுகளை உதறச் சொல்லுங்கள்.

வரிக் கடைசியில் இடமில்லையென்றால் முழு வார்த்தையையும் அடுத்த வரிக்குக் கொண்டுபோவதே கையெழுத்துக்கு நல்லது. உடைத்தே தீரவேண்டுமென்றால், ஒரே சிலபிள் உள்ள சொல்லைத் தொடவே கூடாது. 'ஸ்ட்ரெங்த்' எட்டெழுத்து, ஆனாலும் உடையாது. 'அபவுட்'டின் முதல் 'ஏ'யைத் தனியே விடக்கூடாது. 'லெட்டர்' இரண்டு 'டி'க்கு நடுவே உடையும். 'காலிங்' அப்படியல்ல, 'கால்' என்ற மூலச்சொல்லிலேயே இரண்டு 'எல்' இருப்பதால் அவை மேலேயே நிற்கும், 'இங்' மட்டும் கீழே இறங்கும். 'ஃபாதர்' சொல்லில் 'டி', 'ஹெச்' சேர்ந்து ஒரே ஒலி, பிரிக்காதீர்கள். ஹைஃபன் மேல்வரியின் முடிவில்தான் வரும். கீழ்வரியின் தொடக்கத்தில் போடுவது பிழை.

ஒரே எழுத்துக்கூட்டல் இரண்டு விதமாக உடைவதும் உண்டு. 'ரெக்கார்ட்' பெயர்ச்சொல்லானால் 'சி'க்குப் பின், வினைச்சொல்லானால் முதல் 'இ'க்குப் பின். அழுத்தம் இடம் மாறுவதுதான் காரணம். 'நாலெட்ஜ்' அமெரிக்க முறையில் 'எல்'லுக்குப் பின்னும், பிரிட்டிஷ் முறையில் 'டபிள்யூ'வுக்குப் பின்னும் உடையும். பள்ளி ஆண்டுமலரைக் கணினியில் அடிப்பவர்கள், மொழி அமைப்பில் பிரிட்டிஷ் ஆங்கிலத்தைத் தேர்ந்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.