தமிழாசிரியர் பதில்கள்: கோவலனுக்குத் தெரியாதது

கேள்வி: பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் 'நகைமுரண்' என்றால் என்ன என்று கேட்டாள். "பத்து மணிக்கு எழுந்து வருகிற உன்னிடம், 'அடடா, அதுக்குள்ள எழுந்துட்டியா' என்கிறேனே, அதுதான்" என்றேன். "அப்போ கதையில வர்றதும் இதுதானா?" என்கிறாள். என்ன சொல்வது?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: நீங்கள் சொன்னது சரிதான். சொல் ஒன்று, பொருள் அதற்கு நேர் எதிர். உங்கள் குரலை வைத்தே மகளுக்கு விஷயம் புரிந்துவிடும். வள்ளுவரும் இப்படிப் பேசியிருக்கிறார். 'தேவர் அனையர் கயவர்' என்று தொடங்குகிறது 1073ஆவது குறள். கயவரைத் தேவரோடு சேர்த்துவிட்டாரே என்று நிமிர்ந்தால், இருவருமே மனம்போன போக்கில் நடப்பவர்கள் என்று அடுத்த அடியில் முடிக்கிறார். பள்ளியில் இதை வஞ்சப்புகழ்ச்சி என்று படித்திருப்பீர்கள்.

கதையில் வருவது வேறு. அங்கே நமக்குத் தெரிந்தது பாத்திரத்துக்குத் தெரியாது. சிலப்பதிகாரத்தில் கொலைக்களக் காதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயர் சேரியில் கண்ணகி சமைத்துப் போட்ட சோற்றை உண்டுவிட்டு, ஒற்றைச் சிலம்போடு கோவலன் கிளம்புகிறான். தெருவில் ஒரு காளை எதிரே பாய்ந்து வருகிறது. 'இமில்ஏறு எதிர்ந்தது இழுக்கென அறியான்' என்கிறார் இளங்கோ. அது கெட்ட சகுனம் என்பது அவன் பிறந்த வணிகர் குலத்துக்குத் தெரியாது என்றும் சேர்த்துச் சொல்கிறார். இந்த 'அறியான்' என்ற ஒரு சொல்லில் நாம் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம் ஆகிவிடுகிறோம். அப்புறம் அவன் வைக்கும் ஒவ்வொரு அடியும் நமக்கு வலிக்கிறது.

முப்பது வருடம் இதை வகுப்பில் நடத்தினேன். ஒருமுறை இந்த வரியைப் படித்ததும், வீட்டில் மாடு வைத்திருந்த ஒரு பையன் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தான். "ஐயா, மாதரி கூட இருந்திருந்தா தடுத்திருக்கும்ல?" என்றான். கோவலனுக்கும் கண்ணகிக்கும் அடைக்கலம் தந்த மாதரி ஆயர் குலத்துப் பெண். காளை பாய்ந்தால் என்ன என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். நான் எந்த உரையிலும் படிக்காத கேள்வி அது. சற்று நேரம் எனக்குப் பேச்சே வரவில்லை.

இன்னொன்றும் உண்டு: நிகழ்ச்சியே தலைகீழாகத் திரும்புவது. சிலம்புக்கு விலை சொல்ல முடியுமா என்று கோவலன் கேட்டது, அரசியின் சிலம்பைத் திருடிய அதே பொற்கொல்லனிடம். கள்வன் என்று கோவலனைக் கொல்லச் சொன்ன பாண்டியன், 'யானோ அரசன் யானே கள்வன்' என்று தன் வாயாலேயே சொல்லி விழுகிறான். கல்யாணத்தன்று மழை கொட்டினால் அது வெறும் துரதிர்ஷ்டம். இந்தத் தலைகீழ்த் திருப்பம் இருந்தால்தான் நகைமுரண்.

மகளிடம் விளக்கத்தைச் சொல்லாதீர்கள். அந்தக் காளை வரும் இடத்தை அவளையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். 'அறியான்' என்ற சொல்லில் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள்.