லாம்ப்ரெட்டா முதல் மோட்டோ குஸ்ஸி வரை: பழைய இத்தாலி வண்டிகள், டெல்டா கேள்விகள்

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் பழைய வண்டி வைத்திருப்பவர்களும் வாங்கத் துடிப்பவர்களும் கேட்டவை இவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

கும்பகோணத்திலிருந்து: தாத்தாவின் விஜய் சூப்பர் ஸ்கூட்டர் வீட்டில் நிற்கிறது. லக்னோவில் செய்த வண்டியை இத்தாலி வண்டி என்று சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லுங்கள். மிலானில் இன்னொசென்டி கம்பெனி 1947-இல் லாம்ப்ரெட்டாவை வெளியிட்டது. இங்கே பம்பாய் ஏ.பி.ஐ. (ஆட்டோமொபைல் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா) கம்பெனி அதைச் செய்து விற்றது. நம் ஊர்ப் பெரியவர்கள் 'லாம்பி' என்பது அந்த வண்டியைத்தான். 1971-இல் இத்தாலியில் லாம்ப்ரெட்டா நின்றது. அடுத்த ஆண்டு தொடங்கிய அரசு நிறுவனமான ஸ்கூட்டர்ஸ் இந்தியா, அந்த அச்சுகளையும் இயந்திரங்களையும் பெயர் உரிமையையும் வாங்கி லக்னோவுக்குக் கொண்டுவந்தது. உங்கள் தாத்தா வண்டி அந்த வம்சம். வெஸ்பா கதையும் கிட்டத்தட்ட இதேதான். வெஸ்பா செய்த பியாஜியோவோடு பஜாஜுக்கு இருந்த ஒப்பந்தம் 1971-இல் முடிந்தது, 1972-இல் சேட்டக் வந்தது. சேட்டக்கை இத்தாலி வண்டி என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் உடம்பு வெஸ்பாவின் உடம்பு.

மன்னார்குடியிலிருந்து: இரண்டு லாம்பி விலைக்கு வருகின்றன. ஒன்று புதுப் பெயிண்டில் கண்ணாடி மாதிரி இருக்கிறது, ஆர்சி 'வந்துவிடும்' என்கிறார்கள். இன்னொன்று ஒரே வீட்டில் இருந்தது, பெயிண்ட் உரிந்து நிற்கிறது, ஆர்சி புக் கையில் இருக்கிறது. எதை வாங்கலாம்?

இரண்டாவது. யோசிக்கவே வேண்டாம்.

புதுப் பெயிண்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பெயிண்ட் அடித்தவருக்குத்தான் தெரியும். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டு போங்கள். ஃபுட்போர்டு, ஹெட்லைட்டுக்குக் கீழே இருக்கும் முன்தகடு, பின்சக்கரத்துக்கு மேலே என்று ஒவ்வொரு இடமாக வையுங்கள். காந்தம் பிடிக்காமல் வழுக்கினால் அங்கே தகடு இல்லை, பள்ளம் நிரப்பும் பட்டி இருக்கிறது. (லாம்ப்ரெட்டாவில் ஹேண்டில் மூடி அலுமினியம், அங்கே பிடிக்காது, பயப்பட வேண்டாம்.) அடுத்து, பக்க மூடியைக் கழற்றி சேஸில் தட்டியிருக்கும் எண்ணைப் பாருங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்க வேண்டும். சுற்றிலும் அரம் போட்ட தடம் தெரிந்தால் எழுந்து வந்துவிடுங்கள். இன்ஜின் எண்ணும் ஆர்சியோடு பொருந்த வேண்டும். 'வந்துவிடும்' என்ற ஆர்சி வந்து நான் பார்த்ததில்லை.

இரண்டாவது வண்டியை வாங்கினால் உடனே பெயிண்ட் கடைக்குத் தள்ளாதீர்கள். கம்பெனி பெயிண்ட் அரைகுறையாக இருந்தாலும் அதுதான் அந்த வண்டியின் சாட்சி. கழுவி, துரு பிடித்த இடத்தில் மட்டும் தேய்த்து எண்ணெய் தடவி, முதலில் ஓடவிடுங்கள்.

வேதாரண்யத்திலிருந்து: கஜா புயலில் தண்ணீரில் நின்ற வண்டி, அப்படியே ஓரம் கட்டிவிட்டோம். இனி எழுப்ப முடியுமா?

2018 நவம்பரில் நின்றது என்றால் இத்தனை வருஷம் உப்புத் தண்ணீரின் மிச்சம் உள்ளே இருந்திருக்கிறது. முதல் விஷயம்: கிக்கரைத் தொடாதீர்கள். பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டியிருக்கும். வேகமாக உதைத்தால் ரிங் உடைந்து சிலிண்டரைக் கீறிவிடும். பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக டீசலும் 2டி ஆயிலும் (டூ ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலில் கலக்கும் ஆயில்) கலந்து ஊற்றி இரண்டு நாள் விடுங்கள். பிறகு மேக்னட்டை (இன்ஜின் பக்கவாட்டில் சுழலும் காந்தச் சக்கரம்) கையால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் நம்பிக்கை உண்டு. அசைந்தாலும் ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். கிராங்க் பேரிங்கில் துருப்புள்ளி கட்டாயம் இருக்கும். இன்ஜினைப் பிரித்து பேரிங், ஆயில் சீல் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) எல்லாம் மாற்றியே ஆக வேண்டும். லாம்ப்ரெட்டா என்றால் குழாய் ஃபிரேம். குழாய்க்குள் மண் அடைத்திருக்கும், தண்ணீர் பீய்ச்சிக் காயவையுங்கள். வெஸ்பா, சேட்டக் என்றால் தகடே ஃபிரேம், அடிப்பக்கம் அரித்திருந்தால் செலவு பெரிது. கடலோரத்தில் இருப்பவர்கள் லாம்ப்ரெட்டாவைத் தேடுவது நல்லது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

திருவாரூரிலிருந்து: வெள்ளைப் புகை நிற்கவே இல்லை. மெக்கானிக் ரிங் மாற்றினார், போரிங் போட்டார். அதே புகை.

கியர் ஆயிலை அளந்து பாருங்கள். கீழே ஒழுகாமலே குறைகிறதா? அப்படியானால் கிளட்ச் பக்கத்து கிராங்க் ஆயில் சீல் போய்விட்டது. டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டன் மேலே ஏறும்போது கிராங்க் அறை உறிஞ்சும். சீல் கெட்டால் பெட்ரோலோடு கியர் ஆயிலையும் உறிஞ்சி எரிக்கிறது. ரிங்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மேக்னட் பக்கத்து சீல் போனால் இதைவிட ஆபத்து: புகை வராது, காற்று உள்ளே போகும், ஆக்சிலரேட்டரை விட்டாலும் சத்தம் இறங்காது, சூடேறி ஒருநாள் ரோட்டில் ஜாம் ஆகும். சீல் விலை கொஞ்சம்தான், கூலிதான் அதிகம். பிரித்த கையோடு இரண்டையும் மாற்றிவிடுங்கள்.

பாபநாசத்திலிருந்து: அப்பா ஸ்கூட்டரைச் சாய்த்துவிட்டுத்தான் உதைப்பார். நானும் அப்படியே செய்ய வேண்டுமா?

சாய்க்கும்போது கார்புரேட்டரிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் வழிந்து உள்ளே போகும், அவ்வளவுதான். சோக் செய்ய வேண்டிய வேலை அது. சோக்கையும் பைலட் ஜெட்டையும் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சின்னத் துளை) சுத்தம் செய்து, பிளக்குக்குத் தீப்பொறி தரும் பாயிண்ட் இடைவெளியை 0.4 மில்லிமீட்டர் அளவுக்கு வைத்தால் நிமிர்ந்த வண்டியே எடுக்கும்.

பட்டுக்கோட்டையிலிருந்து: இப்போது வரும் பெட்ரோலை ஊற்றலாமா?

வேறு வழியில்லை, ஊற்றத்தான் வேண்டும். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாயை உப்ப வைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டியை நிறுத்தப் போகிறீர்கள் என்றால் டேங்கைக் காலி செய்யுங்கள். அன்றாடம் ஓட்டும்போதும் வீட்டுக்கு வரும் முன் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கார்புரேட்டரில் இருப்பது தீரும்வரை ஓட்டுங்கள். குழாயையும் டேப் வாஷரையும் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

திருவையாற்றிலிருந்து: ஸ்கூட்டர் போதும். டுகாட்டி, மோட்டோ குஸ்ஸி மாதிரி நிஜமான பழைய இத்தாலி பைக் ஒன்றை வைத்துக்கொள்ள ஆசை. எதற்குப் போகலாம்?

இங்கே பதிவாகி ஆர்சியோடு கிடைத்தால் மட்டும் போங்கள். கிடைத்தால் என் ஓட்டு மோட்டோ குஸ்ஸிக்கு. 1967-இல் வந்த வி7-இலிருந்து இரண்டு சிலிண்டரும் பக்கத்துக்கு ஒன்றாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். திண்ணையில் உட்கார்ந்தே டாப்பெட் (வால்வு இடைவெளி) சரிசெய்துவிடலாம். செயின் கிடையாது, ஷாஃப்ட். பழைய டுகாட்டி அழகுதான், அந்தக் கம்பெனி இன்ஜினியர் தாலியோனி வடிவமைத்த டெஸ்மோ இன்ஜினில் வால்வைத் திறக்க ஒரு கை, மூட ஒரு கை என்று இருக்கும். சத்தத்துக்கே உயிரைக் கொடுக்கலாம். ஆனால் நூலிழை அளவில் செட்டிங் செய்யத் தெரிந்த கை அருகில் வேண்டும். என் மனசுக்குப் பிடித்தது லவெர்டா. 1873 முதல் விவசாயக் கருவி செய்த, இத்தாலியின் பிரெகான்ஸே ஊர்க் குடும்பம், 1949-இல் 75 சிசி பைக்கோடு இறங்கியது. நெல் அறுக்கும் மிஷின் ஓடும் ஊர்க்காரர்களான நமக்கு அந்த இரும்பு வேலையின் கெட்டித்தனம் பார்த்தவுடன் புரியும்.

மயிலாடுதுறையிலிருந்து: 50 வயது தாண்டிய வண்டிக்கு விண்டேஜ் நம்பர் வாங்கலாமா?

2021 விதிப்படி வாங்கலாம். எண்ணில் 'விஏ' என்று வரும், புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். ஆனால் அந்தப் பதிவில் அன்றாடம் ஓட்டக்கூடாது. கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் போட, பழுதுபார்க்க என்றுதான் எடுக்கலாம். சந்தைக்கும் கோயிலுக்கும் போக நினைத்தால் சாதாரண ஆர்சியையே 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து: வைக்கோல் கொட்டகையில் நிறுத்தலாமா?

கூடாது. எலி முதலில் சீட்டுக்குள் குடியேறும், அடுத்து ஒயரைக் கடிக்கும். சிமெண்ட் தரையில், சக்கரத்துக்கு அடியில் பலகை போட்டு நிறுத்துங்கள். சைலன்சர் வாயைத் துணியால் அடையுங்கள், எடுக்கும்போது அதை உருவ மறக்காதீர்கள்.