இரண்டு கை, இரண்டு குழாய்

ஹேண்ட்சைம் குழுவுக்குப் பாட்டு தேர்வு செய்வது பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்துக்கொண்டேன். இந்த வாத்தியத்தைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வரி: சதுர அலுமினியக் குழாய், நுனியில் இசைக்கவை போலப் பிளவு, வெளிப்பக்கம் ஒரு சிறு சுத்தியல். ஒரு குழாய்க்கு ஒரே ஸ்வரம், அதன் பெயர் ஏ முதல் ஜி வரை ஓர் ஆங்கில எழுத்து. ஆளுக்கு இரண்டு குழாய்.

கேள்வி: எங்கள் குழுவுக்கு வயது மூன்று மாதம். எட்டுப் பேர், இரண்டு ஆக்டேவ் (ஸ்தாயி) செட். பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியில் வரும் அந்த ஆனந்தப் பாட்டை, ஷார்ப், ஃபிளாட் (அரை ஸ்வரம் ஏற்றியது, இறக்கியது) எதுவும் வேண்டாம் என்று சி மேஜர் ஸ்கேலில் எடுத்தோம். ஒரு பெண் மட்டும் வியர்த்து வழிகிறாள், மற்றவர்கள் கொட்டாவி விடுகிறார்கள். பாட்டு தப்பா, ஆள் தப்பா?

இரண்டும் இல்லை அம்மா, ஸ்கேல்தான் தப்பு. அந்தப் பெண் கையில் டியும் இயும் இருக்கின்றன, சரிதானே? கீழ் ஜியில் தொடங்கி மேல் ஜியில் முடியும் செட்டை வழக்கமாக ஜி-ஏ, பி-சி, டி-இ, எஃப்-ஜி, ஏ-பி என்றுதான் பிரிப்போம். இப்போது பென்சிலை எடுத்து முதல் வரியை எண்ணுங்கள். மொத்தம் 15 ஸ்வரம். சி மேஜரில் அதில் இ ஐந்து, டி நான்கு. ஆக ஒன்பது ஸ்வரம் ஒரே ஆள் தலையில். எஃப்-ஜிக்காரருக்கு நான்கு, சி வைத்திருப்பவருக்கு இரண்டு.

இதையே டி மேஜருக்கு ஏற்றுங்கள். பீத்தோவன் எழுதியதும் அதில்தான். எஃப் ஷார்ப்-ஜிக்கு ஏழு, டி-இக்கு ஆறு, ஏவுக்கு இரண்டு. சுமையை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஷார்ப் வருகிறதே என்று பயப்பட வேண்டாம். எஃப், சி இரண்டு குழாயையும் மேசையிலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எஃப் ஷார்ப்பையும் சி ஷார்ப்பையும் வைத்துவிட்டால் வாசிப்பவருக்கு அதுவும் இரண்டு குழாய்தான். பியானோவில் வெள்ளைக்கட்டை சுலபம், கறுப்புக்கட்டை கஷ்டம் என்று பழகிய மனசு, இங்கே அதை மறந்தாக வேண்டும். நடுவில் எஃப் ஷார்ப்பைக் கீழே வைத்து எஃப்பை எடு, மறுபடி மாற்று என்று வந்தால்தான் கஷ்டம். ஒரு ஸ்கோரில், அதாவது இசை எழுதிய தாளில், நான் முதலில் தேடுவது அந்த மாற்றங்களைத்தான்.

இதைக் கற்றது பட்டுத்தான். தொடக்கத்தில் நான் ஹெட்ஃபோனில் கேட்டுத்தான் பாட்டு எடுப்பேன். அப்படி மயங்கி எடுத்த ஒன்றில் ஒருவருக்கு நான்கு பாருக்குள் (தாள ஆவர்த்தம் மாதிரி) எஃப், எஃப் ஷார்ப், மறுபடி எஃப். ஒத்திகையில் எப்படியோ சமாளித்தார். மேடையில் மாற்றி வைத்த குழாய் மேசை விளிம்பில் சரிந்து தரையில் விழுந்தது. நாங்கள் வாசித்த பாட்டு யாருக்கும் நினைவில்லை, அந்தச் சத்தத்தை இன்றைக்கும் சொல்கிறார்கள். அன்றிலிருந்து ஸ்கோரில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கு மேலும் வாசிப்பவர் பெயரின் முதல் எழுத்தை எழுதிப் பார்க்காமல் எந்தப் பாட்டையும் குழுவிடம் கொண்டுபோவதில்லை. ஒரே எழுத்து வரிசையாக வந்தால் அந்த ஆளுக்கு ஆபத்து. ஒரு பக்கம் முழுக்க வராத எழுத்து யாருடையதோ, அவர் அடுத்த மாதம் குழுவில் இருக்க மாட்டார்.

அப்புறம் ஒன்று. அந்த ஆனந்தப் பாட்டின் வரி முடிவில் புள்ளி வைத்த ஒரு நீள ஸ்வரம், ஒரு குட்டி ஸ்வரம் என்று வரும் இடத்தில், ஒரே குழாயைச் சட்டென்று இரண்டு தரம் அடிக்க வேண்டும். சுத்தியல் திரும்பி வர நேரம் வேண்டுமே! முதல் வருஷம் அதைச் சம அளவாக்கிவிடுங்கள். பீத்தோவன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கேள்வி: புதியவர்களுக்கு மெதுவான பாட்டுதானே நல்லது?

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். மெதுவான பாட்டில் ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்த ஸ்வரத்துக்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கும். எட்டுப் பேரும் அந்தப் பள்ளத்தை ஒரே அளவில் மனசுக்குள் எண்ண வேண்டும். ஒருவர் அரை நொடி முந்தினாலும் எல்லார் காதிலும் விழும். நடைபோடும் வேகம் உடம்புக்கே தெரியும். நிமிடத்துக்கு 80லிருந்து 100 பீட் வரை என் குழு தானாக ஒட்டிக்கொள்கிறது, 50க்கு இறக்கினால் சிதறுகிறது.

வேகத்தைவிட முக்கியம், கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) எத்தனை பீட்டுக்கு ஒருமுறை மாறுகிறது என்பது. ஹேண்ட்சைம் அடித்ததும் ஓயாது, கீழ் ஸ்வரங்கள் நெடுநேரம் நிற்கும். குழாயைத் தோளில் ஒற்றினால்தான் அடங்கும். பீட்டுக்குப் பீட் கார்ட் மாறினால் பழைய கார்டும் புதியதும் கலந்து கூழாகிவிடும். பாருக்கு ஒரு கார்ட், மிஞ்சினால் இரண்டு என்று இருக்கும் பாட்டாகப் பாருங்கள். அதில் இந்த நீண்ட நாதமே அழகாகிவிடும். கடகடவென்று ஓடும் பதினாறாம் பங்கு ஸ்வரங்கள் ஹேண்ட்பெல்லுக்கு, அதாவது கைமணிக்கு, ஏற்றவை. அந்த மணிக்கு நாக்கு கூர்மை. நம்முடையது புல்லாங்குழல் ஜாதி, குரல் எழும்பவே ஒரு கணம் பிடிக்கும்.

கேள்வி: அப்படியென்றால் ஹேண்ட்பெல்லுக்கு எழுதிய இசையை நாங்கள் தொடவே கூடாதா?

தாராளமாகத் தொடலாம். நமக்குக் கிடைக்கும் ஸ்கோரில் பெரும்பங்கு அதுதான். வாங்கும் முன் குறிகளைப் பாருங்கள். எல்வி என்று இருந்தால் ஒலியை அடக்காமல் விட வேண்டும், அது நமக்கு வெல்லம். மணியை மேசை மெத்தையில் அடிக்கச் சொல்லும் மார்ட்டெல்லாட்டோ குறி இருந்தால், அதை விட்டுவிட்டுச் சாதாரணமாக அடியுங்கள். ஹேண்ட்சைமை மேசையில் அடித்தால் கவை வளையும், ஸ்வரம் போகும். நாக்கை விரலால் சுண்டும் குறியும் நமக்குப் பொருந்தாது, நம் சுத்தியல் வேறு மாதிரி. இப்படிப்பட்ட குறிகள் பக்கத்துக்கு நாலைந்து இருந்தால் அந்தப் பாட்டின் சுவையே அவைதான். அவற்றைக் கழித்தால் சக்கை மிஞ்சும், வேறு பாட்டு தேடுங்கள்.

சில ஸ்கோர்களில் வைர வடிவத் தலையோடு ஸ்வரங்கள் வரும். அவை ஹேண்ட்சைமுக்கென்றே எழுதியவை. மணிக்குழுவோடு சேர்ந்து வாசிக்க வாய்ப்பு வந்தால் அந்த மாதிரி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: என் குழாயில் சி5 என்று பொறித்திருக்கிறது. ஸ்கோரிலோ அது நடு சியாக இருக்கிறது. செட் தவறா?

செட் சரிதான். எழுத்துக்குப் பின் வரும் எண் எந்த ஆக்டேவ் என்று சொல்கிறது, பியானோவின் நடு சி என்பது சி4. இந்த வாத்தியத்துக்கு எழுதுவதைவிட ஒலிப்பது ஓர் ஆக்டேவ் மேலே. ஸ்கோரின் நடு சியைக் கண்டால் சி5 குழாயை எடுக்க வேண்டும். பியானோ புத்தகத்திலிருந்து பாட்டு எடுக்கும்போதும் இதே கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆக்டேவ் செட்டில் 25 குழாய், ஜி4 முதல் ஜி6 வரை. மூன்றில் 37, சி4 முதல் சி7 வரை. எந்தெந்தக் குழாய் வேண்டும் என்ற படம் பெரும்பாலும் ஸ்கோரின் முதல் பக்கத்திலேயே இருக்கும். மெலடியில் மயங்குவதற்கு முன் அதைப் பாருங்கள்.

கேள்வி: ராகம் வாசிக்கலாமா?

கமகம் வராது. குழாய் அசையாத ஸ்வரம். அதனால் கமகமே உயிரான ராகங்களை விட்டுவிடுங்கள். மோகனம் மாதிரி ஒன்று அற்புதமாக வரும். ச, ரி, க, ப, த ஐந்திலும் பக்கத்துப் பக்கத்து அரை ஸ்வரம் கிடையாது. எது எதோடு கலந்து ஒலித்தாலும் கடிக்காது. புதிதாகச் சேர்ந்தவர்களை முதல் நாளே வாசிக்க வைக்க எனக்குத் தெரிந்த சிறந்த வழி இது: சியை ஷட்ஜமாக வைத்து, ஷார்ப் குழாய்களைப் பெட்டியிலேயே விட்டு, எஃப்பையும் பியையும் ஒளித்துவிட்டு, “இஷ்டத்துக்கு அடியுங்கள்” என்று சொல்லிவிட வேண்டியது. ஒலியை அடக்கவும் வேண்டாம். கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: நிகழ்ச்சியன்று ஒருவர் வராவிட்டால்?

கண்டிப்பாக ஒருவர் வர மாட்டார். எனவே மேல் ஸ்வரங்கள் கீழ் ஆக்டேவை இரட்டிப்பது மாதிரி எழுதிய பாட்டுகளில் ஒன்றாவது கைவசம் இருக்கட்டும். மேலே ஒருவர் இல்லாவிட்டால் ஓட்டை தெரியாது. நடு ஆக்டேவில் ஒருவர் இல்லையென்றால் மெலடி பல் விழுந்த வாயாகிவிடும். அதற்குத்தான் மேல் ஆக்டேவில் இ-எஃப் வைத்திருப்பவரை நடு ஆக்டேவையும் படித்து வைக்கச் சொல்கிறேன். அவருக்கு வேலையும் குறைவு.

கேள்வி: ஒரு பிரதி வாங்கி எட்டு நகல் எடுத்துக்கொண்டோம். மெட்டு 200 வருஷம் பழையதுதானே?

மெட்டு பழையது, அதை எட்டுப் பேருக்குப் பிரித்து எழுதியவரின் வேலை புதியது. அந்த அமைப்புக்குத் தனியாகக் காப்புரிமை உண்டு. எட்டுப் பிரதி வாங்குங்கள், அல்லது நகல் அனுமதியோடு விற்பதைத் தேடுங்கள். கட்டுப்படியாகவில்லையா? பழைய மெட்டை நீங்களே உட்கார்ந்து பிரித்து எழுதுங்கள். முதல் கேள்வியில் எண்ணிய மாதிரி எண்ணத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.