ஆஃபர் வந்துவிட்டது, அடுத்து என்ன?

பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்த மாணவர்களும் அவர்களின் பெற்றோரும் எழுதிக் கேட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: முதுகலைப் படிப்புக்கு கண்டிஷனல் ஆஃபர், அதாவது சில நிபந்தனைகளோடு இடம், வந்திருக்கிறது. இதை வைத்தே விசாவுக்கு விண்ணப்பிக்கலாமா?

முடியாது. நிபந்தனை இல்லாத அன்கண்டிஷனல் ஆஃபராக இருந்தாலும் முடியாது. விசா விண்ணப்பத்தில் கேட்பது சிஏஎஸ் எண்ணை. உங்களைச் சேர்த்துக்கொள்வதை உறுதிசெய்து பல்கலைக்கழகம் பிரிட்டன் உள்துறையின் கணினியில் ஏற்றும் பதிவு அது. அந்த எண் கைக்கு வரும் முன் நிபந்தனைகளை முடிக்க வேண்டும், ஆஃபரை ஏற்க வேண்டும், கல்விக் கட்டணத்தில் ஒரு பகுதியை டெபாசிட்டாகக் கட்ட வேண்டும். பல இடங்களில் ஒரு நேர்காணலும் உண்டு.

ஆஃபர் லெட்டரில் நிபந்தனைகள் எழுதியிருக்கும் பத்தியை வார்த்தை விடாமல் படியுங்கள். "ஐஈஎல்டிஎஸ் 6.5, எந்தப் பிரிவிலும் 6.0க்குக் குறையக் கூடாது" என்று இருந்தால், இந்த ஆங்கிலத் தேர்வில் மொத்தம் 7.0 எடுத்து ரைட்டிங்கில் 5.5 வாங்கியவர் நிபந்தனையை நிறைவேற்றவில்லை. மதிப்பெண் குறைந்த அந்த ஒரு பிரிவை மட்டும் 60 நாட்களுக்குள் திரும்ப எழுதும் வசதி கணினித் தேர்வில் இருக்கிறது. ஆனால் அந்த மதிப்பெண்ணை எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஏற்பதில்லை. பணம் கட்டும் முன் அட்மிஷன் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

பட்டச் சான்றிதழ் கைக்கு வராதவர்களிடம் புரொவிஷனல் சான்றிதழும் எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்களும் கேட்பார்கள். கைப்பேசியில் கோணலாக எடுத்த படங்களை அனுப்பி, அவை திரும்பி வந்து, அதிலேயே வாரங்களை இழப்பவர்கள் உண்டு. வண்ணத்தில் ஸ்கேன் செய்து, பின்பக்கத்தில் அச்சு இருந்தால் அதையும் சேர்த்து, ஒவ்வொரு ஆவணத்தையும் தனித்தனி பிடிஎஃப் ஆக ஏற்றுங்கள். அரியர் இருந்து பிறகு தேறியிருந்தால் அதை மறைக்க வேண்டாம். தேறிய மாதமும் ஆண்டும் மதிப்பெண் பட்டியலிலேயே தெரியும்.

கேள்வி: மூன்று பல்கலைக்கழகங்களிலிருந்து ஆஃபர் வந்துள்ளது. மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளலாமா?

முதுகலைக்கு நேரடியாக விண்ணப்பித்திருந்தால், ஒவ்வொன்றும் தந்த கெடு வரை வைத்திருக்கலாம். டெபாசிட்டை மட்டும் ஒரே இடத்தில் கட்டுங்கள்.

இளங்கலைக்கு யூகாஸ் என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாக விண்ணப்பித்தவர்களுக்கு விதி வேறு. ஐந்து படிப்புகள் வரை விண்ணப்பிக்கலாம். முடிவுகள் எல்லாம் வந்தபின் முதல் விருப்பமான ஒன்றை 'ஃபர்ம்' என்றும், மற்றொன்றை 'இன்ஷூரன்ஸ்' என்றும் வைத்துக்கொண்டு மீதியை விட்டுவிட வேண்டும். ஃபர்ம் இடத்துக்குக் கேட்ட மதிப்பெண் வராவிட்டால் கைகொடுக்க வேண்டியது இன்ஷூரன்ஸ் இடம். அங்கேயும் அதே மதிப்பெண்ணைக் கேட்டால் அதை வைத்திருப்பதில் பயனே இல்லை. மதிப்பெண் குறைவாகக் கேட்கும் இடத்தையே, அதுவும் நீங்கள் உண்மையிலேயே போய்ப் படிக்கத் தயாராக உள்ள இடத்தையே, இன்ஷூரன்ஸாக வையுங்கள். கெடு நாளுக்குள் பதில் சொல்லாவிட்டால், ஆஃபர்களை நீங்கள் மறுத்துவிட்டதாக யூகாஸ் தானாகவே பதிவு செய்துவிடும்.

கேள்வி: என் மகளுக்கு லண்டனில் இடம் கிடைத்திருக்கிறது. வங்கியில் எவ்வளவு பணம் காட்ட வேண்டும்? ஏஜென்ட் ஒரு தொகை சொல்கிறார், தெரிந்தவர்கள் வேறொன்று சொல்கிறார்கள்.

கணக்கை நீங்களே போட்டுவிடலாம். இரண்டு தொகைகளைக் கூட்ட வேண்டும். முதலாவது, முதல் ஆண்டுக் கல்விக் கட்டணத்தில் இன்னும் கட்டாத மீதி. இரண்டாவது, வாழ்க்கைச் செலவு. 2025 நவம்பர் 11 முதல் நடப்பில் உள்ள விதிப்படி லண்டனுக்கு மாதம் 1,529 பவுண்டு, லண்டனுக்கு வெளியே மாதம் 1,171 பவுண்டு. அதிகபட்சம் ஒன்பது மாதங்களுக்குக் காட்டினால் போதும். அதாவது லண்டனுக்கு 13,761 பவுண்டு, வெளியே 10,539 பவுண்டு.

ஆண்டுக் கட்டணம் 22,000 பவுண்டு, டெபாசிட்டாக 4,000 கட்டியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். மீதி 18,000. அதோடு 13,761 சேர்த்தால் உங்கள் மகளுக்கு 31,761 பவுண்டு காட்ட வேண்டும். கட்டிய 4,000 சிஏஎஸ் பதிவில் ஏறியிருந்தால்தான் கழியும். ஏறாவிட்டால் பல்கலைக்கழகத்தின் ரசீது கையில் இருக்க வேண்டும்.

விசாக்கள் அதிகம் அடிபடுவது அடுத்த விதியில்தான். இந்தத் தொகை தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் இருக்க வேண்டும். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு பவுண்டு குறைந்தாலும் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். ஆகஸ்ட் 3 அன்று பணம் முழுதாகச் சேர்ந்தால், ஆகஸ்ட் 30 அன்றுதான் 28 நாட்கள் நிறைகின்றன. அந்த நாளையும் காட்டும் ஸ்டேட்மென்ட்டை வங்கியிலிருந்து வாங்குங்கள். ஸ்டேட்மென்ட்டின் கடைசித் தேதிக்கும் விசா விண்ணப்பத்துக்குப் பணம் கட்டும் தேதிக்கும் இடையே 31 நாட்களுக்கு மேல் போகக் கூடாது. பவுண்டு மதிப்பும் விண்ணப்பிக்கும் நாளின் மாற்று விகிதப்படி கணக்கிடப்படும். அதனால் சரியாகத் தேவையான அளவை மட்டும் போட்டுவைப்பது ஆபத்து. பத்து சதவீதமாவது கூடுதலாக இருக்கட்டும். அந்த 28 நாட்களும் அந்தக் கணக்கிலிருந்து மின்கட்டணம்கூடக் கட்டாதீர்கள். தானாகப் பிடித்தமாகும் தவணைகள் இருந்தால் வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.

சேமிப்புக் கணக்கு சரி. எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய வைப்புநிதியும் சரி. பங்குகள், ஓய்வூதிய நிதி, ஓவர் டிராஃப்ட் எதையும் ஏற்க மாட்டார்கள். நகைக்கும் நிலத்துக்கும் இங்கே மதிப்பில்லை.

கேள்வி: பணம் மாமாவின் கணக்கில் இருக்கிறது. அவர் கடிதம் கொடுத்தால் போதாதா?

போதாது. பணம் மாணவர் பெயரிலோ, தாய் அல்லது தந்தை பெயரிலோ, சட்டப்படியான காப்பாளர் பெயரிலோ இருக்க வேண்டும். மாமா, சித்தப்பா, அண்ணன், அக்கா யார் கணக்கும் செல்லாது. மாமா உதவ நினைத்தால் பணத்தை உங்கள் கணக்குக்கோ பெற்றோர் கணக்குக்கோ மாற்றச் சொல்லுங்கள். 28 நாட்கள் அன்றிலிருந்து தொடங்கும். பெரிய தொகை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் காட்ட, அவரிடமிருந்து ஒரு கடிதமும் அவரது கணக்கின் ஸ்டேட்மென்ட்டும் வாங்கி வைத்திருங்கள்.

பெற்றோர் கணக்கைக் காட்டினால் இன்னும் இரண்டு தாள்கள் வேண்டும்: மாணவரின் பிறப்புச் சான்றிதழ், பணத்தைப் பயன்படுத்தச் சம்மதிக்கும் பெற்றோரின் கடிதம். சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு தேவை. மொழிபெயர்த்தவரின் பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரம், மொழிபெயர்ப்பு சரியானது என்ற உறுதிமொழி எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

கேள்வி: கல்விக் கடனுக்கும் 28 நாள் விதி உண்டா?

இல்லை. கடன் மாணவரின் பெயரில் இருக்க வேண்டும். கடிதம், விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஆறு மாதங்களுக்குள் தரப்பட்டதாக இருக்க வேண்டும். பயணத்துக்கு முன்பே பணம் கிடைக்கும் என்பதோ, கட்டணம் நேரே பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் என்பதோ அதில் தெரிய வேண்டும்.

கடிதத்தின் அடியில் உள்ள சிறிய எழுத்துகளைப் படித்தீர்களா? "அடமானப் பத்திரம் பதிவான பின்பே வழங்கப்படும்" போன்ற வரி இருந்தால் விசா அதிகாரி அதைக் கிடைக்காத பணமாகவே எடுத்துக்கொள்வார். விசா கிடைத்தால் வழங்கப்படும் என்பதைத் தவிர வேறு நிபந்தனை எதுவும் இருக்கக் கூடாது. வங்கியில் அடமான வேலையை முடித்துவிட்டு, அந்த வரி இல்லாத புதுக் கடிதம் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பாஸ்போர்ட்டில் என் பெயர் மட்டும் இருக்கிறது, சர்நேம் காலி. மதிப்பெண் பட்டியலில் இனிஷியலுடன் இருக்கிறது. ஆஃபர் லெட்டரில் அப்பா பெயரைச் சர்நேமாகப் போட்டிருக்கிறார்கள். பிரச்சினை வருமா?

இப்போதே சரிசெய்தால் வராது. நம் ஊர்ப் பெயர்முறையும் அவர்களின் படிவங்களும் பொருந்தாததால் வரும் சிக்கல் இது, உங்கள் தவறு அல்ல. எல்லாவற்றுக்கும் பாஸ்போர்ட்டே அடிப்படை. அதன் நகலை இணைத்து, பதிவேட்டில் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே மாற்றச் சொல்லிப் பல்கலைக்கழகத்துக்கு இன்றே எழுதுங்கள். சிஏஎஸ் வெளிவந்த பிறகும் திருத்தக் குறிப்பு சேர்க்க அவர்களால் முடியும், ஆனால் அதற்கு நாட்கள் பிடிக்கும்.

மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் இருப்பது பெரிய சிக்கல் இல்லை. இனிஷியல் விரிந்தால் யார் பெயர் என்பது பிறப்புச் சான்றிதழில் தெரிந்தாலே பெரும்பாலும் போதும். எழுத்துகளே மாறியிருந்தால் இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்ற நோட்டரி பிரமாணப் பத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வேண்டியிருந்தால் சிஏஎஸ் வாங்கும் முன்பே முடித்துவிடுங்கள். பாஸ்போர்ட் எண்ணும் சிஏஎஸ்ஸில் பதிவாகிறது.

கேள்வி: சிஏஎஸ் தரும் முன் நேர்காணல் என்கிறார்கள். இடம் கொடுத்தபின் எதற்கு?

விசா மறுப்புகள் கூடினால் மாணவர்களைச் சேர்க்கும் பல்கலைக்கழகத்தின் உரிமத்துக்கே ஆபத்து. அதனால் முன்கூட்டியே சோதித்துப் பார்க்கிறார்கள். ஏன் இந்தப் படிப்பு, எந்தெந்தப் பாடங்கள், முன்பு படித்ததோடு என்ன தொடர்பு, எங்கே தங்குவீர்கள், மாதச் செலவு எவ்வளவு, பணம் யாருடையது என்றெல்லாம் கேட்பார்கள். ஏஜென்ட் தரும் மனப்பாடப் பதில்கள் முதல் துணைக்கேள்வியிலேயே சிக்கிக்கொள்ளும். பல்கலைக்கழக இணையதளத்தில் உங்கள் படிப்பின் பாடப் பட்டியலை நீங்களே வாசித்து, இரண்டு பாடங்களைப் பற்றியாவது சொந்த வார்த்தைகளில் பேசத் தயாராகுங்கள்.

கேள்வி: ஆஃபர் லெட்டரில் 'ஏடிஏஎஸ்' தேவை என்று இருக்கிறது. அது என்ன?

சில அறிவியல், பொறியியல் துறைகளில் முதுகலையோ ஆய்வோ செய்ய வரும் வெளிநாட்டு மாணவர்களுக்கான பாதுகாப்பு அனுமதி. கட்டணம் இல்லை. ஆனால் முடிவு வரக் குறைந்தது 30 வேலைநாட்கள் ஆகலாம், நெரிசலான மாதங்களில் இன்னும் தாமதமாகும். இது இல்லாமல் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியாது. கண்டிஷனல் ஆஃபர் கையில் இருக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். அனுமதி அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அந்தப் படிப்புக்கும் மட்டுமே செல்லும். வேறிடம் மாறினால் திரும்பவும் வாங்க வேண்டும்.

கேள்வி: காசநோய்ப் பரிசோதனையை எப்போது செய்வது?

ஆறு மாதத்துக்கு மேல் தங்கப்போகும் இந்திய, இலங்கை மாணவர்களுக்கு இது கட்டாயம். பிரிட்டன் அரசின் பட்டியலில் உள்ள மருத்துவ மையத்தில் எடுத்த சான்று மட்டுமே செல்லும். சான்று ஆறு மாதம் செல்லுபடியாகும், ஆகவே கடைசி வாரம் வரை தள்ளாதீர்கள். எக்ஸ்ரேயில் பழைய தழும்பு போல ஏதாவது தெரிந்தால் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அதன் முடிவு வர எட்டு வாரம் வரை ஆகும்.

கேள்வி: டெபாசிட் கட்டியபின் விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்புமா?

பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் மறுப்புக் கடிதத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருகின்றன, சிலர் நிர்வாகச் செலவைக் கழிப்பார்கள். பொய் ஆவணம் காரணமாக மறுக்கப்பட்டால் தர மாட்டார்கள். பணம் எந்தக் கணக்கிலிருந்து போனதோ அதற்கே திரும்பும். "என் மூலம் கட்டினால் தள்ளுபடி" என்று யார் சொன்னாலும் மறுத்துவிட்டு, பல்கலைக்கழகத்தின் தளம் வழியாக உங்கள் கணக்கிலிருந்தோ பெற்றோர் கணக்கிலிருந்தோ கட்டுங்கள். விண்ணப்பத்தில் உள்ள மின்னஞ்சல் முகவரி உங்களுடையதா என்றும் பாருங்கள். ஏஜென்ட்டின் முகவரியாக இருந்தால் கெடு முடிந்த பிறகுதான் செய்தி உங்களுக்கு வந்துசேரும்.

கேள்வி: ஓராண்டு எம்.எஸ்சி.க்குப் போகிறேன். மனைவியையும் அழைத்துச் செல்லலாமா? படித்தபின் எத்தனை காலம் வேலை தேடலாம்?

2024 ஜனவரி 1க்குப் பிறகு தொடங்கும் படிப்புகளில், பிஎச்.டி. மற்றும் ஆய்வுவழி முதுகலை மாணவர்களும் அரசு உதவித்தொகை பெறும் சிலரும்தான் துணையை அழைத்துச் செல்லலாம். வகுப்புவழி எம்.எஸ்சி.க்கு முடியாது. படிப்பு முடிந்தபின் கிராஜுவேட் விசாவுக்கு 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம், பிஎச்.டி. முடித்தவர்களுக்கு மூன்று ஆண்டு. இரண்டு ஆண்டு என்று இன்னும் விளம்பரம் செய்பவர்களை நம்பிக் கடன் கணக்கைப் போடாதீர்கள்.

கேள்வி: இந்த முறை போக முடியவில்லை. ஆஃபரை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கலாமா?

டெபாசிட் கட்டியிருந்தால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். கேட்கும்போது மூன்றை எழுத்தில் வாங்குங்கள்: பழைய கட்டணமா புதியதா, உதவித்தொகை தொடருமா, டெபாசிட் மாறுமா. ஐஈஎல்டிஎஸ் இரண்டு ஆண்டுகளில் காலாவதியாகும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கேள்வி: முன்பு ஒருமுறை வேறு நாட்டு விசா மறுக்கப்பட்டது. சொல்லத்தான் வேண்டுமா?

கட்டாயம் சொல்ல வேண்டும். மறுப்பு இருந்ததற்காக மட்டும் விசா போகாது. மறைத்தது தெரிந்தால் பத்து ஆண்டுத் தடைவரை போகலாம்.

கேள்வி: சிஏஎஸ் வந்துவிட்டது. விமான டிக்கெட் எடுத்துவிடலாமா?

முதலில் சிஏஎஸ் விவரங்களைச் சரிபாருங்கள்: பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், படிப்பின் பெயர், தொடக்க நாள், முடியும் நாள், கட்டணம், கட்டிய தொகை. பிறகு விசாவுக்கு விண்ணப்பியுங்கள். படிப்பு தொடங்குவதற்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், முடிவு வர வழக்கமாக மூன்று வாரம். விசாக் கட்டணத்தோடு மருத்துவ வரியும் சேர்த்துக் கட்ட வேண்டும். ஆண்டுக்கு 776 பவுண்டு என்றாலும், ஓராண்டு முதுகலைக்கு விசா அதைவிட நீளமாகக் கிடைப்பதால் 1,164 பவுண்டு வரும்.

டிக்கெட்டை விசா வந்தபின் எடுங்கள். முன்பே எடுத்தே தீர வேண்டுமென்றால் தேதி மாற்றக்கூடியதாக எடுங்கள். விசா இப்போது மின்னணுப் பதிவாக வருகிறது. உங்கள் கணக்கைத் திறந்து, பெயர் சரியாக உள்ளதா, தற்போதைய பாஸ்போர்ட் இணைந்திருக்கிறதா, தொடக்கத் தேதி என்ன என்று பாருங்கள். அந்தத் தேதிக்கு முன் பிரிட்டனில் இறங்கக் கூடாது. பல்கலைக்கழகம் குறிப்பிட்டிருக்கும் கடைசிச் சேர்க்கை நாளைத் தாண்டவும் கூடாது. தாண்டும் நிலை வந்தால் புறப்படும் முன்பே அவர்களுக்கு எழுதி, புதுத் தேதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.