கடன் நெருக்கடியில் மனம் உடைந்து கிடக்கும்போது தினமும் வேதம் (பைபிள்) வாசித்தால் நம்பிக்கை வருமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?

திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் வேலை, வாரா வாரம் குழுக் கடன் தவணை, ராத்திரி தூக்கம் இல்லை, ஜனவரியில் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் தொடங்கிய வாசிப்பு பாதியில் நின்றுவிட்டது என்று கேட்டிருக்கிறீர்கள். அது விசுவாசக் குறைவு இல்லைங்க சகோதரி. கணக்கே அப்படி. வேதத்தில் மொத்தம் 1,189 அதிகாரங்கள். ஒரு வருடத்தில் முடிக்க நாளுக்கு மூன்றுக்கு மேல் வாசிக்கணும். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40 தாண்டினால், பிப்ரவரி பிறக்கையில் மூன்றாம் புத்தகமான லேவியராகமத்துப் பலி முறைமைகளில் நிற்பீர்கள். நொந்த மனதோடு அதைக் கடப்பது யாருக்கும் கஷ்டம். இரண்டு நாள் விட்டால் ஆறு அதிகாரம் பாக்கி. அதுவும் கட்டாத தவணை மாதிரி நெஞ்சில் ஏறிக்கொள்ளும். அந்த அட்டவணையை இப்போதைக்கு எடுத்து வையுங்கள். விட்ட நாளுக்கு ஈடு கட்டவே வேண்டாம்.

வேதத்தில் ஜெபப் பாடல்களின் தொகுப்பான சங்கீதத்தில் ஆரம்பியுங்கள், அதிலும் முறையிடுகிற சங்கீதங்களில். முதலில் 13-ஆம் சங்கீதம். ஆறே வசனம், முதல் இரண்டுக்குள்ளேயே "எதுவரைக்கும்" என்று நான்கு தடவை தாவீது கேட்டுவிடுகிறார். பிறகு 6, 42, 43, 77, 130. ஒவ்வொன்றையும் மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். 88-ஐ மட்டும் ராத்திரியில் தனியாக வாசிக்காதீர்கள். அது ஆறுதல் வரி இல்லாமலே முடிகிறது. பகலில், வீட்டில் ஆள் இருக்கும்போது வாசியுங்கள்.

காலையில் போனைத் தொடுவதற்கு முன் பத்து நிமிடம் போதும். வாய்விட்டு ஒரு தரம், மனதுக்குள் ஒரு தரம். மனம் அலைகிற நேரத்தில் கண் மட்டும் ஓடினால் நாலாவது வரியில் தவணை ஞாபகம் வந்துவிடும். வாய்விட்டு வாசித்தால் அது குறையும். பிறகு ஒரு வசனத்தை நோட்டில் கையால் எழுதி, அதற்குக் கீழே இன்றைக்குச் செய்ய வேண்டிய ஒரே காரியத்தை எழுதுங்கள்: யாரிடம் அவகாசம் கேட்கணும், எந்த ரசீதைத் தேடணும். படுக்கும்முன் அதே சங்கீதம் இன்னொரு தரம்.

ஆண்டவர் தரும் வாக்கு என்று அச்சடித்துக் கொடுக்கிற வாக்குத்தத்த அட்டையில் வருகிற ஒற்றை வசனத்தை மட்டும் பிடித்துக்கொண்டு ஏமாறாதீர்கள். நீங்கள் எதிர்பார்க்கிற முடிவைக் கொடுப்பேன் என்கிற எரேமியா 29:11-ஐச் சொல்லாத ஆள் இல்லை. அதற்கு முந்தின வசனத்தில், அதற்கு 70 வருஷம் ஆகணும் என்று இருக்கிறது. அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதம். வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள் என்று ஐந்தாம் வசனம் சொல்கிறது. புலம்பல் என்கிற புத்தகத்தின் மூன்றாம் அதிகாரமும் அப்படித்தான். கிருபை காலைதோறும் புதிது என்கிற இடத்துக்கு வருமுன் இருபது வசனம் கசப்பு. அந்தக் கசப்பையும் சேர்த்து வாசித்தால்தான், நம் நிலைமையில் இருந்தவர்தான் இதை எழுதியிருக்கிறார் என்று தெரியும். நம்பிக்கை அங்கேதான் வேர் பிடிக்கிறது.

மாத்திரை, டாக்டர் என்று பேசினால் விசுவாசம் இல்லை என்று சண்டைக்கு வருகிறவர்கள் 1 இராஜாக்கள் 19-ஐ எடுத்துப் பார்க்கட்டும். சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசியைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. தலைமாட்டில் தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர். எலியா சாப்பிட்டுத் தூங்கினார், தூதன் மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தார். பேச்செல்லாம் அதற்கு அப்புறம்தான். ஆகவே வெறும் வயிற்றில் உபவாசம் என்று இப்போது இறங்காதீர்கள். சாகணும் என்ற எண்ணம் வந்தால் அந்த நிமிடமே 14416-க்கு அழையுங்கள்; அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம்.

கேட்காததையும் ஒன்று சொல்லணும். கல்யாணத்துக்கும் ஓய்வு பெறும் விழாவுக்கும் ஜிப் வைத்த சின்ன எழுத்து வேதாகமத்தையே நம் ஆட்கள் பரிசாகக் கொடுக்கிறார்கள். ஐம்பது வயதுக்கு மேல் எத்தனை பேரால் டியூப் லைட் வெளிச்சத்தில் அதை வாசிக்க முடியும்? அது பீரோவுக்குள் போய்விடுகிறது. பெரிய எழுத்துப் பதிப்பு கடையில் இருக்கிறது. கனமாக இருந்தாலும் அதையே வாங்கிக் கொடுங்கள், புண்ணியமாகப் போகும்.

சங்கீதங்கள் முடிந்ததும், இயேசுவின் வாழ்க்கையைச் சொல்கிற மாற்கு சுவிசேஷம். பதினாறே அதிகாரம், நாளுக்கு ஒன்று. லேவியராகமம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.