குடிக்காதவருக்கு அந்தச் சரிவில் என்ன இருக்கிறது?

அன்புள்ள ஐயாவுக்கு,

பிரான்சில் ஒயினுக்குப் பேர்போன பர்கண்டியின் திராட்சைத் தோட்டங்களைச் சைக்கிளில்தான் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். நான் பதினோரு வருடமாகப் பாரிஸில் இருக்கிறேன், ஒருமுறைகூட அந்தப் பக்கம் போனதில்லை. எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. குடிக்காதவனுக்கு அங்கே என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வயது 52, முழங்கால் வலியும் உண்டு. பஸ்ஸில் போனால் ஒரே நாளில் எட்டு ஊர் காட்டுகிறார்களாம். சைக்கிளில் போய் அதைவிட என்ன பார்த்துவிடப் போகிறேன்?

க., பாரிஸ்

அன்புள்ள க.,

அவசியம் போய் வாருங்கள். அங்கே பார்க்க வேண்டியது மண்ணை.

போன் நகரிலிருந்து தெற்கே சாந்தனே வரை, தோட்டங்களுக்கு நடுவிலேயே ஒரு சைக்கிள் பாதை போகிறது. ஏறக்குறைய 22 கிலோமீட்டர். பொம்மார், வொல்னே, மெர்சோ, புலினி என்று வழியெல்லாம் ஊர்கள். தோட்டங்கள் இருப்பது ஒரு மலைச்சரிவில்; பஸ் போகிற பெருஞ்சாலை அந்தச் சரிவுக்குக் கீழே கிடக்கிறது. அங்கிருந்து பார்த்தால் எல்லாத் தோட்டமும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

புலினியைத் தாண்டி ஷசாங்குக்குப் போகும் சின்னச் சாலையில் சைக்கிளை நிறுத்துங்கள். வலது கைப்பக்கம் மோன்ராஷே. மொத்தமே 8 ஹெக்டேர்தான். வெள்ளை ஒயினில் அதற்கு மேல் பேர் பெற்ற நிலம் கிடையாது. இடது கைப்பக்கம் பத்தார்-மோன்ராஷே. மோன்ராஷேக்கு மேலே, சரிவு செங்குத்தாகிற இடத்தில் ஷெவாலியே-மோன்ராஷே. மூன்றிலும் ஷார்டனே என்ற அதே திராட்சைக் கொடிதான், ஆனால் பெயர் வேறு, ருசி வேறு, விலையும் வேறு. கீழே மண் ஆழம், களி அதிகம், ஈரம் தங்கும். மேலே சுண்ணாம்புப் பாறையின்மேல் மண் மெல்லிசாகப் படிந்திருக்கும். நடுச்சரிவில் எல்லாம் அளவாக அமைந்துவிடுகிறது: தண்ணீர் வடிந்துவிடும், காலை வெயில் முழுசாக விழும். இதை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். கீழிருந்து மிதித்து ஏறினபோதுதான் புரிந்தது. கால் கனக்க ஆரம்பிக்கிற இடத்தில் நிலத்தின் தரமும் மாறுகிறது. உங்கள் முழங்காலே சொல்லும்.

இப்படிப் பெயர் வைத்து எல்லை வகுத்த துண்டு நிலங்களைக் கிளிமா என்கிறார்கள். 2015இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது அவை 1,247. எத்தனையோ தலைமுறை நடந்தும் குனிந்தும் கண்டுபிடித்த எல்லைகள் அவை. அதை வேகமாகக் கடந்து போவது எனக்கு மனசுக்கு ஒப்பாது.

நான் போனது மார்ச் கடைசி. கவாத்து முடிந்து கொடிகள் மொட்டையாக வரிசை கட்டி நின்றன. வெட்டிய நுனி ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு நீர். வேரிலிருந்து சாறு ஏறத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கொடி அழுகிறது என்பார்கள். வொல்னேவுக்குக் கீழே ஒரு அம்மா, கவாத்தில் விட்டுவைத்த ஒற்றைக் கிளையை இரண்டு கையாலும் மெல்ல வளைத்துக் கம்பியில் கட்டிக்கொண்டிருந்தார். காய்ந்த நாளில் வளைத்தால் முறிந்துவிடும், இன்று காற்றில் ஈரம் இருக்கிறது, அதனால்தான் இன்றைக்கு இந்த வேலை என்றார். பேச்சு அவ்வளவுதான். ஆனால் அவர் விரலுக்கடியில் அந்தக் கிளை லேசாக முனகிய சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. பஸ் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால் அது கேட்டிருக்காது.

புறப்படுவதற்கு முன் போன் நகரில் அந்தப் பழைய தர்ம ஆஸ்பத்திரியைப் பாருங்கள். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடந்த நூறாண்டுப் போரில் நொடித்துப்போன ஏழைகளுக்காக 1443இல், பர்கண்டிக் கோமகனின் அமைச்சர் நிக்கொலா ரொலேனும் மனைவி கிகோனும் தொடங்கியது. மக்கள் எழுதிவைத்த தோட்டங்களின் வருமானத்தில் நோயாளிகளைப் பார்த்தார்கள். 1859இலிருந்து அந்தத் தோட்டங்களின் ஒயின் ஏலத்துக்கு வருகிறது, இப்போது நவம்பர் மூன்றாம் ஞாயிறு. குடிக்காதவருக்கு என்ன இருக்கிறது என்று கேட்ட உங்கள் நண்பர்களை அந்த ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போங்கள்.

முழங்காலுக்கு மின்சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். வொல்னே ஏற்றம் தவிர பெரிய கஷ்டம் இல்லை. சாந்தனேயிலிருந்து கால்வாய்க்கரை ஓரமாகவே ஷாஞி போய்விடலாம், தரை சமதளம். அங்கிருந்து ரயிலில் போன் நகருக்குத் திரும்பிவிடுங்கள். நண்பர்கள் ருசி பார்ப்பதானால் அளவாக இருக்கட்டும்: ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் என்ற வரம்பு பிரான்சில் சைக்கிளுக்கும் உண்டு. கொடிகளுக்குள் இறங்காதீர்கள், பாதையிலேயே நின்று பாருங்கள்.

போய் வந்ததும் எழுதுங்கள். மோன்ராஷே சாலையில் எந்தக் கைப்பக்கத்து மண் வெளுப்பாக இருந்தது என்று சொல்லுங்கள்.